எங்கள் கவிஞருக்கு வேறு சாவு எழுதித் தரக் கேட்டு

பஸ்ராவில் இருந்து பழங்கவிஞர்களின் வரலாறு எழுதும் அறிஞர் அபூ ஸல்ஹப் அவர்களுக்கு, பனூ ஹஸீம் கூட்டத்து மிர்தாஸ் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. உங்கள் கண்ணும் கையும் நலமாயிருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். அவை நலமாயிருப்பதால்தான் எங்களுக்கு இந்தக் கதி. எனக்கு எழுத்து தெரியாது. மறக்கிறவனுக்குத்தானே எழுத்து. நான் சொல்லச் சொல்லப் பேரீச்சை வியாபாரி ஹைஸம் எழுதுகிறார்.

நாற்பது நாள் எங்கள் கூடாரத்தில் தங்கி, எங்கள் ஒட்டகப் பாலில் பாதியைக் குடித்து, நான் பாடப் பாட எழுதிக்கொண்டீர்கள். எங்கள் முன்னோர் கிர்வாஷின் எழுநூறு பாட்டையும் ஒரு சொல் சிந்தாமல் சொன்னேன். கடைசி நாள் மூட்டை கட்டும்போது, "ஆமா பெரியவரே, அவர் எப்படிச் செத்தார்?" என்றீர்கள். "நிறையத் தயிர் குடிச்சுட்டுப் படுத்தார், எந்திரிக்கலை" என்றேன். கேட்டீர்கள், சொன்னேன், எழுதச் சொன்னேனா? போன வாரம் ஹைஸம் உங்கள் புத்தகத்தைக் கிணற்றடியில் உரக்க வாசித்தார். எழுநூறு பாட்டுக்காரருக்கு நாலே வரி, அதில் இரண்டு வரி தயிர். பக்கத்துப் பனூ தைஸான் கூட்டத்துக் கவிஞர் ஜஹ்வருக்கோ பதினோரு ஏடு, சாவுக்குச் சிங்கம். அன்றிலிருந்து அவர்கள் தலைவன் முஸ்ஹிர் என்னைக் கண்டால் போதும், "என்ன மிர்தாஸ் மாமா, உடம்பப் பாத்துக்குங்க. உங்க ஆளுங்களக் கொல்ல ஒரு கிண்ணம் போதுமாமே?" என்கிறான். "உங்காளு ஓடத் தெரியாதவன், அதான் சிங்கம் தின்னுச்சு" என்றேன். அவன் பெண்டாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓடியிருந்தா அவருக்கும் நாலு வரிதான் கிடைச்சிருக்கும் மாமா" என்கிறாள். அந்தக் கிணற்றில் முதல் வாளி எங்களுடையது, கிர்வாஷ் பாடி வாங்கித் தந்த உரிமை. இப்போது எங்கள் ஆட்கள் வெட்கப்பட்டு, அவர்கள் போன பிறகு சேறு இறைக்கப் போகிறார்கள்.

ஆகவே கிர்வாஷுக்கு வேறு சாவு வேண்டும். ஈட்டி நல்லது. மார்பில் பாயட்டும், முதுகு வேண்டாம். இரண்டு சாட்சி கேட்பீர்கள். இருபது பேரை அனுப்புகிறேன், எல்லாரும் நேரில் பார்த்தவர்கள். அவர் செத்து இருநூறு வருஷம் ஆயிற்றே என்று பார்க்காதீர்கள், எங்கள் கூட்டத்தில் ஆயுசு கெட்டி.

உங்கள் மைக்கூடு வற்றாதிருக்கட்டும், உங்கள் மக்கள் பெருகட்டும், உங்களைக் குறை சொல்கிறவன் ஒட்டகம் நொண்டட்டும் (என் ஒட்டகம் நீங்கலாக).

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்முன் ஹைஸம் ஜஹ்வரின் பதினோரு ஏட்டையும் முழுக்க வாசித்தார், அன்று கிணற்றடியில் முதல் ஏட்டுச் சிங்கத்தோடு நிறுத்திவிட்டாராம். அதில் பத்து ஏடு, ஜஹ்வரைத் திட்டி எங்கள் கிர்வாஷ் பாடிய வசை. நான் உங்களுக்குச் சொன்னது, ஒரு சொல் குறையவில்லை. இந்த வசை இல்லையென்றால் ஜஹ்வர் என்றொருவர் இருந்ததே யாருக்கும் தெரிந்திராது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைக்கு முத்தம். மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள். தயிர் இருக்கட்டும், நல்ல தயிர்தான். இன்று காலை எங்கள் பெண்கள் அந்தப் பத்து ஏட்டையும் பாடிக்கொண்டே முதல் வாளி இறைத்தார்கள். ஜஹ்வரின் பெயரைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்லி முஸ்ஹிர் தன் ஆட்களோடு பஸ்ராவுக்குப் புறப்பட்டுவிட்டான். ஒரு மாதத்துக்கு வீட்டுக் கதவைத் திறக்காதீர்கள்.