அவங்களும் நம்மாளுங்கதான்

மனிதர்களில் ‘நம்மாளுக்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. அருகிவரும் இனமோ என்று பதற வேண்டாம். ஒவ்வோர் அலுவலகத்திலும் டீ மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும், எந்த ஞானியின் பெயரைக் காதில் போட்டாலும், கண்ணை லேசாக மூடி, ஒரு கையை அகல விரித்து, உலகத்தையே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டவர் போலச் சிரித்து, “அவங்களும் நம்மாளுங்கதான்” என்பார். முடிந்தது கதை. அதற்கு மேல் யாரும் யாராகவும் இருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த நம்மாளுக்காரர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. நானும் அங்கேதான் குப்பை கொட்டுகிறேன். வேலையில் மனிதர் புலி. இரண்டு போல்ட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரே அச்சு என்று நீங்களும் நானும் சத்தியம் செய்வோம். அவர் நகத்தால் ஒரு தடவு தடவிவிட்டு, “இது மரை வேற, அது மரை வேற. மாத்திப் போட்டா லிஃப்ட் அந்தரத்துல நிக்கும். யாரு பதில் சொல்றது?” என்று சீறுவார். அப்பேர்ப்பட்ட கண், மதம் என்று வந்துவிட்டால் மட்டும் எங்கே போய்த் தொலைகிறதோ தெரியாது.

எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் ஒரு சீக்கியர். தலைப்பாகையும் தாடியுமாகக் கம்பீரமான ஆள். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். புதிதாக யார் வந்தாலும் நம்மாளுக்காரர் அவர் தோளில் கைபோட்டு, “தலைப்பாகையைப் பாத்து வேற ஆளுன்னு நினைச்சுடாதீங்க. நம்மாளு!” என்று அறிமுகம் செய்துவைப்பார். இன்ஜினியர் பொறுமையாக ஆரம்பிப்பார்.

“சார், எங்க மதம் தனி மதம். ஒரே கடவுள், உருவம் கிடையாது. எங்க புனித நூல்தான் எங்களுக்கு குரு. சாதி பாக்கக் கூடாதுங்கறது எங்க குருமார் சொன்னது.”

“இதெல்லாம் நம்மகிட்டயும் இருக்கே! உருவமில்லாத கடவுள் நம்மகிட்ட இல்லையா? குரு இல்லையா?”

“சாதி பாக்காதது?”

“டீ ஆறுது பாருங்க, குடிங்க.”

இன்னொரு நாள் இன்ஜினியர், “எங்க நூல்ல இந்து பக்தர்கள் பாடினதும் இருக்கு, முஸ்லிம் ஞானிகள் பாடினதும் இருக்கு” என்று சொல்லிவிட்டார். போச்சு! “பாத்தீங்களா, இந்து பக்தர்கள் பாட்டு இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டார்!” என்று மூன்று மாடிக்கும் கேட்கக் குதித்தார் நம்மாளுக்காரர். வாக்கியத்தின் பின்பாதி அவர் காதுக்குள் போகவே இல்லை. அந்தக் காதில் பின்பாதிக்கு இடம் கிடையாது.

மனிதவள அதிகாரி அம்மா பௌத்தர். அவரை விடுவாரா?

“புத்தர் நம்ம அவதாரம்தானேம்மா.”

“அது நீங்க சொல்றது சார். நாங்க அப்படிச் சொல்றதில்லை. உலகத்தைப் படைச்ச கடவுள்னு ஒருத்தரை நாங்க வச்சுக்கலை. நிலையான ஆத்மான்னு ஒண்ணும் இல்லைங்கறோம். வேதத்தையும் பிரமாணமா எடுத்துக்கறதில்லை.”

“கடவுள் இல்லைன்னு சொல்றவங்களும் நம்மகிட்ட உண்டும்மா!”

“அப்ப நான் எப்படித்தான் சார் வேறயா இருக்கறது?”

“முடியாதும்மா” என்றார், மிகுந்த அன்போடு.

தமிழில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ‘எங்க’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நம்ம’ என்றால் கேட்பவரும் உள்ளே. அந்த இருவரும் ‘எங்க’ என்று கதவைச் சாத்தச் சாத்த, இவர் ‘நம்ம’ என்று தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுவார். ஒரே மண்ணில் பிறந்த மதங்கள்தான், யார் இல்லையென்றது? கர்மம், தர்மம், மறுபிறப்பு என்று புழங்குகிற சொற்களும் பல பொது. சொல்லுக்குச் சொல்கிற பொருளில்தான் சண்டையே. ஒன்றோடொன்று வாதாடி, ஒன்றிடம் ஒன்று வாங்கி, ஒன்றை ஒன்று மறுத்து வளர்ந்தவை. ஒரே தெருவில் பிறந்தவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்களா? அதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “நீங்களும் நம்மாளுதான்” என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார். எரிச்சலாக வந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி, அவர் மகள் விஷயத்தில் முட்டி நின்றது.

“அப்பா, நான் ஒருத்தரை விரும்புறேன்” என்றாளாம் அந்தப் பெண்.

“நம்மாளா?”

“நம்மாளுதாம்ப்பா. இன்ஜினியர் அங்கிளோட மகன்.”

மனிதர் மாட்டிக்கொண்டார். வேற ஆளு என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல மனசு வரவில்லை. “அவர் இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்” என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று இன்ஜினியர் குடும்பத்தை வீட்டுக்கு வரச்சொன்னார். பக்கபலத்துக்கு என்னையும் கூப்பிட்டார். யார் பக்கம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்ஜினியரும் மனைவியும் மகனும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மாளுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நாம யாரு? ஒரே மரத்துக் கிளை. நானும் நீங்களும் அண்ணன் தம்பி. அப்ப உங்க மகன் என் மகளுக்கு என்ன முறை? அண்ணன் முறை! பங்காளி வீட்டுல பொண்ணு கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

அடேயப்பா! கழுத்துக்கு வந்த கயிற்றைப் பிடித்தே மேலே ஏறிவிட்டாரே என்று நான் அசந்துபோனேன். சமையலறை வாசலில் நின்ற பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்ப நாங்க வேற ஆளுன்னா பொண்ணு கொடுப்பீங்களா சார்?” என்றார் இன்ஜினியர்.

“வேறன்னா... வேத்து மதத்துல எப்படி...”

“ஒண்ணுன்னா அண்ணன் தங்கச்சி. வேறன்னா வேத்து மதம். அப்ப இந்தப் பிள்ளைங்க எந்த வாசல் வழியாத்தான் உள்ள வர்றது?”

அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் டீ மெஷின் பக்கத்தில் கேட்கும் சிரிப்பும் இல்லை. நம்மாளுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நம்மாளுக்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். “ஏங்க, ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் நம்மாளு நம்மாளுன்னு சொல்லிட்டுத் திரியறீங்க. என்னைக்காவது ஒருத்தரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி கொடுத்திருக்கீங்களா? இன்னைக்குத்தான் முதல்முதலா ஒரு குடும்பம் வந்து உக்காந்திருக்கு. அவங்களையும் முறை சொல்லித் துரத்தறீங்க.”

“அப்பா, வேறன்னே சொல்லுங்கப்பா” என்றாள் மகள். “அவரை அவராத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. நம்மாளா ஆக்கித் தர வேண்டாம்.”

மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போனார். பல வருஷத்துக் கொள்கை ஒரு பக்கம், பெற்ற பெண்ணின் முகம் ஒரு பக்கம்.

“நீங்க... வேறதான் சார்.”

இன்ஜினியர் எழுந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார். “இதைக் கேக்கத்தான் சார் இத்தனை வருஷம் காத்துட்டிருந்தேன். இப்பப் பேசலாம், சம்பந்தி!”

கல்யாணம் குருத்வாராவில் அவர்கள் முறைப்படி நடந்தது. தலையில் துணி கட்டி, தரையில் சம்மணமிட்டு, கண் துடைத்துக்கொண்டிருந்தார் நம்மாளுக்காரர். யாரோ கேட்டதற்கு, “அவங்க சீக்கியருங்க. வேற மதம். எங்க சம்பந்தி” என்று பெருமையாகச் சொன்னார். அருகிலிருந்த மனிதவள அதிகாரி அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது.

“அப்ப நாங்களும் வேறதானே சார்?”

“நீங்க நம்மாளுதாம்மா” என்றார். “உங்க வீட்லதான் கல்யாண வயசுல யாரும் இல்லையே!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். “நம்ம ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்காருங்க” என்று வாயெடுக்கிறீர்கள். உங்கள் ஆபீஸ் எப்போது ஐயா என் ஆபீஸும் ஆயிற்று?