ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அழும் ஆவி

ஊரிலுள்ள பேய்கள் எல்லாம் மரத்தைக் காலி செய்துவிட்டு மோட்டார் பைக்குக்குக் குடி வந்துவிட்டன. அதிலும் சாதா பைக் ஆகாது. ஸ்பீக்கர் செட் மாட்டிய பைக்தான் வேண்டும். பாவம், அவையும் எத்தனை காலம்தான் பாட்டில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்?

இந்த இடமாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஸ்பீக்கர் சித்தர். டயர் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசை கிடங்கையே சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கும். பார்சல் கொண்டுபோகிறவர்கள் வந்தார்கள். புது மாப்பிள்ளை ஒருவர் வந்தார். மாமனார் வாங்கிக் கொடுத்த வண்டியில் மாமனாரின் செத்துப்போன அம்மா அழுகிறாளாம். எல்லா வண்டிக்கும் ஒரே நோய்தான். செட்டைப் போட்டால் பாட்டுக்கு அடியில் "ஊஊ..." என்று ஒரு அழுகை. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக அது ஒப்பாரியாக ஏறும். விட்டால் விசும்பலாக இறங்கும்.

சித்தர் வண்டியின் பக்கமூடியைக் கழற்றுவார், கண்ணை மூடுவார், முணுமுணுப்பார், சிவப்பு நூல் கயிறு ஒன்றை உள்ளே கட்டுவார். அழுகை டக்கென்று நின்றுவிடும். "கயிறை மட்டும் தொட்றாதீங்க. தொட்டா வாய் அடைச்சுப் போயிரும்" என்று எச்சரித்துக் காணிக்கையை வாங்கிக்கொள்வார். பத்து நாளில் அழுகை திரும்பி வரும். ஜனமும் திரும்பி வரும். இரண்டு முறை கட்டியும் அடங்காத ஆவிக்கு மூன்றாவது வைத்தியம்: செட்டையே சித்தரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அவர் எரித்து விடுதலை கொடுப்பார்.

அன்றைக்கு மூன்றாவது வைத்தியத்துக்கு வந்திருந்தவள் வாளிக்காரம்மா. வண்டியில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறவள். கூவுவது அவளல்ல, போன வருஷம் இறந்துபோன அவள் புருஷன். அவர் இருந்தபோது மெமரி கார்டில் பதிந்து வைத்த குரல். "வாளி, குடம், மூடி போட்ட டப்பா!" என்று கூவி, நடுவில் ஒரு இருமல் இருமி, "போதும் பாப்பா, நிறுத்து" என்று முடிப்பார். பதிவு செய்த மகள் பாப்பாவுக்கு அதை வெட்டத் தெரியவில்லை. ஆகவே ஊர் முழுக்கப் பாப்பாவை நிறுத்தச் சொல்லிக்கொண்டே வாளி விற்றது.

மழையில் பழைய செட் போய், புது செட் மாட்டியதிலிருந்து அந்தக் குரலுக்கு அடியிலும் அழுகை. சித்தர் சொல்லிவிட்டார்: "குரல் இருக்கிற வரைக்கும் அவருக்கு நிம்மதி கிடையாது. செட்டோட கார்டையும் எரிச்சாகணும். காப்பி கீப்பி வெச்சிருந்தா அதுவும் அழும்."

பாப்பாவுக்கு வயது பதினாறு. பயந்தாங்கொள்ளி. வீட்டில் அந்த ஸ்பீக்கர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் தூங்குகிறாள். ஆனால் துண்டுக்கு உள்ளே இருப்பது அப்பா.

"குடுத்துட்டா அப்புறம் அப்பா குரலை எங்கம்மா கேக்கறது?"

"உசுரோட இருந்தப்ப அந்த மனுசன் ஒரு நாள் அழுது நான் பாத்ததில்லடி. இப்ப நம்ம பொழப்புக்காகத் தெருத்தெருவா அழ வெக்கணுமா?" என்று மூக்கைச் சிந்திவிட்டு அம்மா டோக்கன் வாங்கப் போனாள்.

எரிப்பதற்குமுன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று பாப்பா சாவியைத் திருகி செட்டைப் போட்டாள். அப்பா கூவினார். இருமினார். அழவில்லை.

எஞ்சினைக் கிளப்பினாள். "ஊஊ..." அணைத்தாள். அழுகையும் அணைந்தது.

பயந்தாலும் மூளை சும்மா இருக்கவில்லை. செத்துப்போன மனுஷனுக்கு அழ எஞ்சின் எதற்கு? பெட்ரோல் தீர்ந்தால் துக்கமும் தீர்ந்துவிடுமா?

மறுபடி கிளப்பி, பக்கமூடியைக் கழற்றிப் பார்த்தாள். சித்தர் கட்டிய கயிறு ஒரு பக்கம் பேட்டரியின் மைனஸில் இருந்தது. மறுபக்கம், செட்டின் கறுப்பு ஒயரை வண்டிச் சட்டத்தோடு முடுக்கியிருந்த திருகிலிருந்து, அவிழ்ந்து தொங்கியது. வாய் அடைத்தால் அடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நுனியைத் திருகில் வைத்து அழுத்தினாள். அழுகை நின்றது. எடுத்தாள். வந்தது.

"அம்மா... ஆடு... இலை..."

பின்னால் நின்ற பார்சல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, பாடம் ஒப்பிக்கிறியா?"

"வாய் வேலை செய்யுதான்னு பாத்தேண்ணா."

நகத்தால் நூலைப் பிரித்தாள். உள்ளே பளபளவென்று செம்புக் கம்பி.

"அண்ணா, உங்க செட்டு எங்க மாட்டுனீங்க?"

"சித்தரோட மச்சான் கடையில. இது ஒயருக்கு அடங்கற கேஸ் இல்ல, அத்தான்கிட்ட காட்டுங்கன்னு அவருதான் அனுப்பினாரு. தங்கமான மனுசன்."

பாப்பா வீட்டு வண்டிக்கும் அங்கேதான் மாட்டியது. பார்சல்காரருக்குப் பின்னால் நின்ற புது மாப்பிள்ளையைக் கேட்டாள். அதே கடை. அவருக்குப் பின்னால் நின்றவர்? அதே கடை. ஊரில் செட் மாட்டும் கடைகள் எத்தனையோ இருக்க, ஆவிகள் மட்டும் ஒரே கடையில் வாடிக்கை வைத்திருந்தன.

அவர்கள் முறை வந்தது. சித்தர் தீச்சட்டியைக் கிளறிவிட்டுக் கையை நீட்டினார். அம்மா கார்டை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றாள் பாப்பா. குரல் கிழிந்த பனியன் மாதிரி இருந்தது. தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்தாள். "கடைசியா ஒரே ஒரு தடவை, இதுக்கு மந்திரம் போட்டுக் கட்டிப் பாருங்க."

"கண்ட துணிக்கெல்லாம் மந்திரம் ஏறாது, போ."

"உங்க மந்திரம் ஏறாத துணியும் உண்டா சாமி? சும்மா கட்டுங்க, புள்ள ஆசைப்படுது!" என்றது கூட்டம். பக்தியில் சொன்னார்கள். சித்தருக்கு வேர்த்தது. கட்டினார், முணுமுணுத்தார், ஊதினார். எஞ்சினைக் கிளப்பினால் ஒப்பாரி முன்னைவிடச் சுத்தமாகக் கேட்டது.

பாப்பா ரிப்பனை உருவி எறிந்தாள். நூல் உரித்த கம்பியைப் பேட்டரி மைனஸிலும் திருகிலும் வைத்து அழுத்தினாள். அவள் உதடும் முணுமுணுத்தது. நடுக்கம் தெரியாமலிருக்க இரண்டாம் வாய்ப்பாடு. எட்டிரண்டு பதினாறு வருவதற்குள் அழுகை போயே போய்விட்டது.

"துணியும் மந்திரமும் சேந்தாலும் அழுவுது. ரெண்டும் இல்லாம வெறும் கம்பி வெச்சா அழல. நீங்களே பாத்துக்கங்க."

பார்சல்காரர் குனிந்து திருகை நோண்டினார். "அடப்பாவி! பெயிண்டைச் சுரண்டாம அதுமேலயே திருகி வெச்சிருக்கான். எர்த்தே சரியா கிடைக்காம எஞ்சின் சத்தம் ஸ்பீக்கருக்குள்ள வந்து கத்துது!"

"செம்பு தெய்வீக உலோகமப்பா!" என்றார் சித்தர்.

"அப்படின்னா கரண்டு கம்பத்துல போய் உண்டியல் கட்டு!"

அன்றைக்கு டோக்கன் கொடுக்க வந்திருந்த செட் கடை மச்சான் ஏற்கெனவே டயர் குவியல் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டார். கொட்டகையின் பின்னறையைத் திறந்தால், எரிந்து விடுதலை பெற்ற செட்டெல்லாம் தூசி தட்டிப் புது அட்டைப்பெட்டியில் படுத்திருந்தன. அடுத்த பிறவிக்குத் தயார்.

அம்மா கார்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கேட்டாள். "அப்ப அவரு அழவே இல்லையாடி?"

"இல்லம்மா. ஒயரை ஒழுங்கா மாட்டல, அவ்வளவுதான்."

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அந்த மனுஷன் அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் உண்மையாகவே நடுங்கினாள். கூட்டம் சித்தரை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றது. புது மாப்பிள்ளை கைகூப்பி முன்னால் வந்தார்.

"ராசியான கைம்மா உனக்கு. எங்க வண்டிக்கும் நீயே ஒரு கம்பி வெச்சு விட்ரு. எந்த நாள் வரட்டும்? என்ன காணிக்கை?"

"கையை எறக்குங்கண்ணா!" என்று கத்தினாள் பாப்பா. "அந்தக் கையாலதானே பக்கமூடியைக் கழட்டணும்?"

சிலர் கழற்றினார்கள். பெயிண்டைச் சுரண்டினார்கள், திருகை முடுக்கினார்கள், பாட்டுக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் கூப்பிய கையோடு இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சித்தர் வேண்டும். கிடைப்பார், பஞ்சமே இல்லை. திருகாணியைத் திருப்ப ஒரு கை போதும். ஒப்படைத்த மூளையைத் திருப்பிக்கொடு என்று கேட்டால் மட்டும், எந்தச் சித்தரும் கொடுப்பதில்லை.