மாமா ஓட்டின விண்கலம்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பதினொன்றரை பஸ்ஸுல வாற மாமனார தக்கலை பஸ் ஸ்டாண்டுல போய் கூட்டிட்டு வரணும்.

அவ்வளவுதான்.

பொண்டாட்டி சுஜா காலையிலயே களியக்காவிளைக்கு ஒரு புது வீட்டு பாலுகாச்சுக்கு கிளம்பிட்டா. போகும்போது வாசல்ல நின்னு சொன்னா: "அப்பாவுக்கு முட்டு வலி. பஸ் ஸ்டாண்டுல காக்க வச்சிராதீங்க, கேட்டியளா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுவேன். நீ போ."

மணி ஒம்பதரை. கையில ரெண்டு மணி நேரம். மனுசன் பேப்பர் படிச்சுட்டு சும்மா கிடந்திருக்கலாம்.

கிடக்கலயே!

காலேஜ் படிக்கும்போது வாங்கின ஒரு கேம் சிடி என் மேசை டிராயர்ல உண்டு. விண்வெளியில சண்டை விமானம் ஓட்டுத கேம். அதுல நாலாவது கட்டத்த அந்தக் காலத்துல என்னால தாண்டவே முடியல. ஒரு சரக்குக் கப்பல் ஊர்ந்து ஊர்ந்து போவும். எதிரி சுட்டுராம அத பத்திரமா கொண்டு சேக்கணும். துணைக்கு கம்ப்யூட்டரே ஓட்டுத ரெண்டு விமானமும் கூட வரும். ஒவ்வொரு தடவையும் என் கண்ணு முன்னாலயே அந்தக் கப்பல் வெடிச்சுது.

இப்ப வயசு நாப்பத்தி மூணு. பக்குவம் வந்திருக்கும்லா? போதாததுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கி வச்சிருந்தேன். பின்னால இழுத்தா விமானம் மேல ஏறும்.

'ஒரே ஒரு தடவ'ன்னு உக்காந்தேன்.

விண்வெளியில மேல கீழங்கிற கணக்கே கிடையாது. எதிரி பொறத்தால வந்தா நாம கவிழ்ந்து, புரண்டு, தலைகுப்புற திரும்பணும். நான் புரண்டேன். நட்சத்திரமெல்லாம் கூடச் சேந்து புரண்டுது. எட்டாவது தடவ கப்பல் வெடிச்சப்போ மணிய பாத்தேன். பதினொண்ணு இருவது!

படக்குன்னு எழும்பினேன்.

தரை எழும்பல. சரிஞ்சுது.

மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவுக்கு போடுத ராட்டினத்துல என்னைய கட்டிப் போட்டுட்டு, ராட்டினக்காரன் சாயா குடிக்க போன மாதிரி ஒரு சுத்து. எதுக்களிப்பு வேற.

இருந்தாலும் மாமனாராச்சே. செவர பிடிச்சு பிடிச்சு வெளிய வந்து ஸ்கூட்டர எடுத்தேன். முதல் முக்குல ஒரு தண்ணி லாரி நிக்குது. நான் பிரேக் பிடிக்கல மக்கா! ஹேண்டில ரெண்டு கையாலயும் பின்னால இழுத்தேன். மேல பறந்து தாண்டிரலாம்னு!

நல்லவேளை, வண்டி ஊர்ந்துட்டுதான் போச்சு. காலை ஊனி நிறுத்திட்டேன். லாரிக்காரர் எட்டிப் பாத்து, "எங்க அண்ணாச்சி போறீரு?"ன்னாரு.

"பஸ் ஸ்டாண்டு."

"உருட்டிட்டு போவும்."

உருட்டிட்டுதான் போனேன்.

இங்க மாமாவ பத்தி சொல்லியாவணும். முப்பது வருஷம் அரசு பஸ் டிரைவர். அதுலயும் மலை ரூட்டு. அய்யாவழிக்காரர். நெத்தியில நாமம் இல்லாம வாசல் தாண்ட மாட்டார். பொண்ணு தரும்போது வேலை, வீடுன்னு ஒண்ணும் கேக்கல. "பையன் வெள்ளம் தொடப்பிடாது"ன்னு ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். எங்க பக்கம் தாகத்துக்கு குடிக்கிய தண்ணியும் வெள்ளந்தான், சாராயமும் வெள்ளந்தான்.

அப்பேர்ப்பட்ட மனுசன் தோள்ல ஒரு மட்டி வாழைப்பழக் குலையோட பஸ்ஸ விட்டு இறங்கும்போது என்ன கண்டார்? ஒரு தூண கெட்டிப்பிடிச்சுட்டு கண்ணடைச்சு நிக்கிய மருமவன.

"என்ன மருமவனே?"

"ஒண்ணும் இல்ல மாமா. தலை சுத்து."

என்னைய மேலயும் கீழயும் பாத்தார். குரல தாழ்த்தி கேட்டார்: "வெள்ளம் உண்டோ?"

பாவம், தாகம் போலன்னு நினைச்சேன். "வீட்டுல உண்டு மாமா. காலையில நானே ரெண்டு செம்பு குடிச்சேன்."

மாமாவுக்க முகம் செத்துப்போச்சு.

நான் சொன்னது எனக்கு புரியதுக்குள்ள வயிறு முந்திட்டு. அந்தத் தூண் பக்கத்துலயே குனிஞ்சுட்டேன். பஸ் கண்டக்டர் படியில நின்னு பாத்துட்டு, "பெரியவரே, மோர்ல உப்பு போட்டு குடுங்க, தெளிஞ்சிரும்"ன்னார்.

"மாமா, சத்தியமா நான்..."

"பேசாத. பின்னால இரி."

முட்டு வலியோட அவரே ஸ்கூட்டர ஓட்டினார். நான் பின்னால, மடியில பழக்குலைய வச்சுட்டு இருந்தேன். வழியில எதிர்ல வந்த தெரிஞ்ச ஆளெல்லாம் சிரிச்சான்.

வீடு வந்ததும் கம்ப்யூட்டர காட்டி எல்லாத்தையும் சொன்னேன். "இதுதான் மாமா காரணம். விண்வெளிக் கேமு. சுத்திச் சுத்தி ஓட்டினதுல வந்த மயக்கம்."

"மலை ரூட்டுல எத்தனையோ பேரு வாந்தி எடுக்கத பாத்திருக்கேன். எல்லாம் சீட்டுல இருக்கவனாக்கும். டிரைவருக்கு என்னைக்காவது வந்திருக்கா?"

"நீங்களே ஓட்டிப் பாருங்க மாமா. அஞ்சு நிமிஷத்துல தெரியும்."

உக்காந்தார். ஜாய்ஸ்டிக்க தொட்டு பாத்துட்டு கேட்டார்: "ஹாரன் எங்க?"

"ஹாரன் இல்ல மாமா. சுடுத பட்டன் உண்டு."

"அது என்னத்துக்கு? இந்த பெரிய வண்டி எங்க போவுது?"

"அதத்தான் காப்பாத்தணும்."

"செரி. அவனுக்க பொறத்தால ஒரே கேப்புல போனா போரும்."

போனார். ஒரு ஆட்டம் இல்ல, ஒரு அசைவு இல்ல. எதிரி விமானம் குறுக்க பாஞ்சுது. "இண்டிகேட்டர் போடாம திரும்புதான் பாரு"ன்னு வேகத்த குறைச்சு வழி விட்டார். இன்னொருத்தன் பொறத்தால வந்து சுட்டான். "அவசரம் போல, போவட்டும்."

"மாமா, அவன் எதிரி!"

"ரோட்டுல எல்லாரும் அப்படித்தான். நாம நம்ம வழியில போவணும்."

இவர் கப்பல விட்டு நகராததால வந்தவன எல்லாம் துணைக்கு வந்த ரெண்டு விமானமும் அடிச்சு முடிச்சுது. மாமா ஒரு குண்டுகூட சுடல. கப்பல் போய் சேந்துட்டு! ஸ்கிரீன்ல பூ மாதிரி வெடி, பதக்கம், பாராட்டு!

இருபது வருஷமா நான் தாண்டாத கட்டம்!

சந்தோசத்துல கை தட்டிட்டேன். மாமா மெதுவா திரும்பினார்.

"எனக்கு தலை சுத்துதா?"

"இல்ல மாமா."

"வயிறு பெரட்டுதா?"

"இல்ல..."

"அப்போ நீ குடிச்சிருக்க."

சரியா அந்நேரம் சுஜா உள்ள வாறா! "யாரு குடிச்சா?"

"உனக்க மாப்பிள்ள. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பாத்தாச்சு."

அவ பாத்த பார்வை இருக்கே! வேற வழி? ரெண்டு பேரையும் கட்டில்ல உக்கார வச்சுட்டு, மானம் காக்க நானே திரும்ப ஜாய்ஸ்டிக்க பிடிச்சேன்.

முதல் நிமிஷம் எதிரிய விரட்டி கவிழ்ந்தேன். ரெண்டாவது நிமிஷம் புரண்டேன். மூணாவது நிமிஷம் என் குண்டே அந்த சரக்குக் கப்பல்ல பட்டு அது வெடிச்சுது. நாலாவது நிமிஷம் வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

குனிஞ்சு நிக்கும்போது முதுகுல ஒரு கை பதமா தடவிச்சு. மாமாதான்.

"நம்பிட்டேன் மருமவனே. குடிச்சவன் இவ்வளவு கேவலமா வண்டி ஓட்டமாட்டான்."