தென்னையடியில் சாய்ந்து நின்ற கால்

இன்றைய வேலை ஒன்றே ஒன்றுதான். அரசாங்கக் கந்தோரில் இருந்து வரும் மிஸ்ஸுக்கு, என் மனுசன் ஏலாதவர் என்று காட்டவேண்டும்.

அதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சின்ன வயதில் மிதிவெடியில் போனது. சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் விசயம் முடிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனாலும் எனக்குப் பயம். ஏலாதவர்களுக்குக் கொடுக்கிற கொடுப்பனவைத் தொடர்வதா, வெட்டுவதா என்று இப்படி இடைக்கிடை வந்து பார்ப்பார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒருவருக்கு ஒரு கை விளங்காது. பார்க்க வந்த அன்று அவர் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓடிக்கொண்டு நேரெதிரே வந்து, "யாரைத் தேடுறியள்?" என்று வழியும் காட்டிவிட்டிருக்கிறார். அத்தோடு அவருடைய கொடுப்பனவு நின்றது. எங்களுடையது நின்றால் மகளின் பால்மாவும் நிற்கும், மனுசனின் பொய்க்காலுக்குள் போடுகிற உறையும் நிற்கும்.

பொதுவாகவே நான் பயந்த ஆள். தெரியாத நம்பரில் இருந்து கோல் வந்தால் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, அடங்கும்வரை குசினிக்குள் அடுப்படியில் நிற்பேன்.

என் பயத்துக்கு மருந்தாக மனுசனின் தமக்கை முதல்நாளே வந்து இறங்கினா. என் மச்சாள். நல்ல உயரம், நல்ல உடம்பு, அதைவிட நல்ல குரல்.

"இஞ்ச பார், ஒண்டும் கூட்டாதை, ஒண்டும் துடையாதை. வீடு வீடு மாதிரி இருக்கக்கூடாது."

"சரி மச்சாள்."

"தம்பியைக் கட்டிலில கிடத்து. காலைக் கழட்டிவை. முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போடச் சொல்லு."

உள்ளேயிருந்து மனுசன் கேட்டார், "ஏன், இது செத்த வீடே?"

"ஒரு மணித்தியாலம் பேசாமல் கிடக்க ஏலாதே உனக்கு?"

"சும்மா கிடந்தா எனக்கு முதுகு நோகும்."

"நல்லதாப் போச்சு. அதையும் சொல்லு."

மச்சாளின் திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில்தான். நான் கொன்வென்டில் படித்தவள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் சிஸ்டர்மார் இன்னமும் எனக்குப் பின்னால் நின்று பார்க்கிறமாதிரி இருக்கும். விடிய எழும்பி முற்றத்தைக் கூட்டினேன். கதிரைகளைக் கழுவினேன். செவ்வரத்தம்பூ இரண்டு பிடுங்கி மேசையில் வைத்தேன். மகளுக்கு வெள்ளைச் சட்டை. கடைசியாக, கழற்றி வைத்திருந்த பொய்க்காலின் சப்பாத்துக்கும் பொலிஷ் போட்டேன்.

மச்சாள் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தா. "இதென்ன, உங்கட வீட்டில பெருநாளே?"

மறுபடி ஊத்தையாக்க நேரம் இல்லை. வாசல் படலையில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

மிஸ் சின்னப் பிள்ளைதான், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்ற முகமெல்லாம் சிவந்து வேர்வை ஊற்றியது. ஆள் வந்தால் எழும்பி நிற்கவேண்டும் என்று கொன்வென்டில் என்னைப் பழக்கியிருக்கிறார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தபடியால் ஒருக்கா கதிரையில் இருந்துவிட்டு எழும்பினேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ மிஸ்?"

"ஐயோ வேண்டாம் அக்கா, இந்த வெயிலுக்குச் சூடா ஒண்டும் ஏலாது."

இதை உள்ளே கட்டிலில் கிடந்தவர் கேட்டிருக்கிறார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். அதை வந்த ஆளுக்குக் கொடுக்கமாட்டார். வாய் நனைக்காமல் ஒருவரை அனுப்பவும் மாட்டார். அவர் அந்த நேரம் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் மிஸ்ஸின் கேள்விகளோடு நின்றேன்.

"அண்ணை நடப்பாரோ அக்கா?"

கேள்விக்கு முழு வசனத்தில்தான் விடை சொல்லவேண்டும் என்பதும் கொன்வென்டில் படித்ததுதான். "ஓம் மிஸ், அவர் நடப்பார்."

வாசலில் நின்ற மச்சாளுக்கு இருமல் வந்தது.

"கால் போட்டோ, போடாமலோ?"

"கால் போட்டும் நடப்பார் மிஸ், போடாமல் ஒற்றைக் காலில் கெந்தியும் நடப்பார்."

இருமல் கூடியது.

"சாப்பாடு?"

"வடிவாச் சாப்பிடுவார் மிஸ்."

மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, இவள் பயத்தில உளறுறாள். தம்பி எழும்பவே மாட்டான். பாவம், உள்ளுக்குக் கிடக்கிறான். கட்டிலும் அவனும்தான்."

"அப்ப உள்ளுக்குப் போய்ப் பாப்பமே?" என்று மிஸ் எழும்பினா.

அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு 'தொம்'.

மகள் குசினிப் பக்கத்தால் ஓடிவந்தாள். வெள்ளைச் சட்டை முழுக்க மண். "மிஸ், உங்களுக்கு அப்பா இளநி புடுங்குறார்."

எல்லோரும் பின்வளவுக்குப் போனோம். முதலில் கண்ணில் பட்டது கால்தான். எங்கள் குட்டைத் தென்னையில் சாய்ந்தபடி, பொலிஷ் போட்ட சப்பாத்தோடு, யாருக்கோ காவல் நிற்கிறமாதிரி நின்றது. பக்கத்தில் இரண்டு இளநீர். கால் இங்கே என்றால் ஆள் எங்கே என்று மிஸ் மெல்ல மெல்ல நிமிர்ந்து பார்த்தா.

ஆள் தென்னை வட்டுக்குள், ஓலைகளுக்கு நடுவில் இருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வாயில் கத்தி. மிஸ்ஸைக் கண்டதும் மரியாதைக்குக் கத்தியைக் கையில் எடுத்தார்.

"வாங்கோ மிஸ். செவ்விளநி. குளிரா இருக்கும்."

என் கண்ணுக்குள் பால்மாப் பெட்டி பறந்து போனது. மச்சாள் மெதுவாக, "கட்டிலும் அவனும்தான்" என்று தொடங்கி, நிற்பாட்டிவிட்டா.

"இறங்குங்கோ இஞ்சேருங்கோ," என்றேன்.

"இறங்குறன், இறங்குறன்."

இறங்கவில்லை. கத்தியை வட்டுக்குள் செருகிவிட்டு, வலது காலைக் கீழே விட்டுத் தடவினார். மேலே இழுத்தார். மற்றப் பக்கம் திரும்பினார். திரும்பவும் தடவினார். ஏறும்போது கைதான் ஆளை இழுக்கும், இறங்கும்போதுதான் இரண்டு காலும் மரத்தைப் பிடிக்கவேண்டும். இது அவருக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் விளங்கியிருக்கிறது.

"மிஸ், குறை நினையாதேங்கோ. அந்தக் காலை ஒருக்கா எடுத்து மேல தாறீங்களோ?"

மிஸ் காலைத் தூக்கினா. பாரமாக இருந்திருக்கவேண்டும், குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டா. எட்டவில்லை. நான் ஓடிப்போய் மேசையைக் கொண்டுவந்தேன், செவ்வரத்தம்பூவோடு. மிஸ் அதில் ஏறி நின்று காலை நீட்டினா. அதை வாங்கவேண்டும் என்றால் அவர் மரத்தில் இருந்து கையை எடுக்கவேண்டும். கையை எடுக்க அவருக்குத் துணிவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் மிஸ் காலை நீட்டினபடி, மனுசன் பார்த்தபடி.

பிறகு மிஸ் காலை என்னிடம் தந்துவிட்டு, மேசையில் நின்றபடியே தோள்பையில் இருந்து பேப்பரையும் பேனையையும் எடுத்தா.

"அண்ணை, தனிய ஏறினீங்களோ?"

"ஓம் மிஸ்."

"தனிய இறங்குவீங்களோ?"

கல்யாணம் கட்டின நாளில் இருந்து 'ஏலாது' என்ற சொல்லை நான் அவர் வாயால் கேட்டதில்லை. கிணற்றில் அள்ளுவதும் 'ஏலும்'தான், கூரை வேய்வதும் 'ஏலும்'தான். ஓலை சரசரத்தது.

"ஏலாது மிஸ்," என்றார்.

மிஸ் எழுதினா.

அவரை இறக்கியது மச்சாள். மேசையில் ஏறி மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றா. மனுசன் அவவின் தோளில் ஒற்றைக் காலை ஊன்றி, தலையைப் பிடித்து, ஒருமாதிரி மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"என்ர கொண்டையை விடடா."

"விட்டா விழுந்திடுவன் அக்கா."

"விழு. மிஸ் எழுதட்டும்."

பிறகு எல்லோரும் முற்றத்தில் வந்து இருந்தோம். இரண்டு இளநீரையும் மிஸ்ஸே குடித்தா. கடைசியில், பயத்தோடு பயமாகக் கேட்டுவிட்டேன்.

"மிஸ், அவர் மரம் ஏறினதை எழுதிப்போட்டீங்களோ?"

"மரம் ஏறுவாரோ எண்டு எங்கட பேப்பரில கேள்வி இல்லை அக்கா. பிறர் உதவி வேணுமோ எண்டுதான் கிடக்கு. வேணுமெண்டு எழுதியிருக்கிறன். எத்தினை பேரெண்டும் எழுதியிருக்கிறன்."

"அப்ப காசு?"

"அது வரும். ஆனா அடுத்த வருசமும் வந்து பாப்பம்."

அவா போன பிறகு மனுசன் முழங்காலில் உரஞ்சின இடத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "பாத்தியே, ஒரு இளநியால காரியம் முடிஞ்சுது," என்றார். மச்சாள் கொண்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினா.

மகள் நித்திரையான பிறகு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இப்போது புதுப் பயம் ஒன்று. கால் வளர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு வருசமும் வருவார்கள், இவரும் இளநி பிடுங்க ஏறுவார், ஆனால் வருசத்துக்கு வருசம் வளரப்போவது அந்தத் தென்னை மட்டும்தான்.