சேத்து சாரின் காலி ஜாடி

தூத்துக்குடியில் மீனுக்காகச் சண்டை போடுவார்கள், உப்புக்காக வழக்குப் போடுவார்கள். சேற்றுக்காக உயிரை விடுகிற ஆளை உலகத்திலேயே நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆராய்ச்சி அலுவலகத்து சேத்து சார். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் மறந்தே போனோம்.

ஆழ்கடலை ஆராய்கிறவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஆராய்ச்சிக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டுமுன்பே வாந்தி ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழமும் கையுமாகப் போகிறவர், திரும்பும்போது ஒரு ஜாடி ஆழ்கடல் சேற்றை, பிறந்த குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவார்.

ஜாடி நேராக எங்கள் சாப்பாட்டு ஃபிரிட்ஜுக்கு வரும். டிபன் பாக்ஸ் வைக்க இடமில்லாமல் நாங்கள் அவரைத் திட்டித் தீர்ப்போம். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரரான, கணக்கு எழுதும் அண்ணாச்சி ஒருநாள் அதைக் கருப்பட்டிப் பாகு என்று நினைத்து, விரலை விட்டு நக்கிவிட்டார். நாங்கள் அண்ணாச்சிக்குத் தண்ணீர் எடுக்க ஓடினோம். சார் ஜாடியிடம் ஓடினார்.

"உள்ள புழு பூச்சின்னு ஒரு குடும்பமே இருக்கு அண்ணாச்சி. சொல்லாம கொள்ளாம கைய விடுதீயளே."

"குடும்பம் இப்ப என் வயித்துக்குள்ளல்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி.

அந்தச் சமயத்தில்தான் நம் கரைக்கு அப்பால் ஆழ்கடல் தரையைத் தோண்டிக் கனிமம் எடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. அனுமதி தருவதா என்று முடிவு செய்யும் அரசுக் குழு எங்கள் ஊருக்கு வந்தது. கீழே கிடப்பது வெறும் சேறு, உயிரே இல்லை என்றது நிறுவனம். முதலில் ஆராய்வோம், பிறகு விதிகளைச் செய்வோம், அதுவரை தொட வேண்டாம் என்பது சார் கட்சி. தன் ஜாடிப் புழுக்கள் நெளிவதைக் குழுவுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டுவதாக இருந்தார்.

கூட்டத்தன்று காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஜாடி பளபளவென்று இருந்தது.

"ஒரே நாத்தம் சார். சோப்புப் போட்டு நல்லா தேச்சுக் கழுவிட்டேன்," என்றார் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் செல்வி அக்கா, பெருமையாக.

சார் ஜாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கழுவியிருக்கீய," என்றார்.

குழுவின் முன்னால் அந்தக் காலி ஜாடியைத்தான் வைத்தார்.

"நேத்து வரைக்கும் இதுல உயிர் இருந்துச்சு. எங்க அக்கா நல்ல மனசோடதான் கழுவினாங்க. உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. நான் வாந்தி எடுத்துக்கிட்டே போயாவது இன்னொரு ஜாடி கொண்டாந்துருவேன். கடலையே கழுவிட்டா எங்கன போயி அள்ளுறது?"

ஆய்வு முடியும்வரை தோண்ட அனுமதி இல்லை என்று குழு முடிவு செய்தது.

அடுத்த முறை சார் கப்பல் ஏறியபோது செல்வி அக்கா ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். "இந்தத் தடவ பெரிய ஜாடியா கொண்டாங்க சார். நான் பாத்துக்கிடுதேன்."

சார் திரும்பி வரும்வரை, ஃபிரிட்ஜில் ஜாடி இருந்த இடத்தில் நாங்கள் யாரும் டிபன் பாக்ஸ் வைக்கவில்லை.