மழை நோட்டுக்குப் பொன்னாடை

அறிவியலைக் கும்பிடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அது சொல்வதைக் கேட்கிறவர்கள் அல்ல, கும்பிடுகிறவர்கள். நல்லவர்கள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். அந்த இனத்தில் தலையாயவர் ஓசூர்த் தொழிலதிபர் ரத்தினவேல். ஒரு கோடையில் நாகரசம்பட்டித் திம்மப்பனின் மாங்கன்றுகள் வாடியபோது, ஒருவருக்கும் சொல்லாமல் மூன்று லாரித் தண்ணீர் அனுப்பினார். நன்றி சொல்லப் போனவருக்குக் காப்பி கொடுத்து, பேச்சை மாற்றிவிட்டார்.

திம்மப்பனிடம் ஒரு நோட்டு இருந்தது. தோப்பில் நட்ட மழைமானியைத் தினம் காலை எட்டரைக்குப் பார்த்து, பதினெட்டு வருடமாக எழுதியது. மழைநாள் குறைகிறது, பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது என்று சொல்லும் நோட்டு. ஊர் ஏரித் தண்ணீரை ஒரு தொழிற்சாலைக்கு விடலாமா என்று வெள்ளிக்கிழமை விசாரணை. ஏரி போனால் தோப்பும் போகும். ஏரியில் கொடுக்க மிச்சத் தண்ணீர் இல்லை என்பதற்குத் திம்மப்பனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டுதான்.

ரத்தினவேல் கேள்விப்பட்டு உருகிவிட்டார். உடனே கூட்டம். திம்மப்பனுக்குப் பொன்னாடை, நோட்டுக்குச் சந்தனம் குங்குமம், தமக்கு அரைமணி நேரப் பேச்சு. நோட்டை யாராவது பிரித்தார்களா? சப்பரத்தில் வரும் சாமியிடம் யார் வரம் கேட்கிறார்கள், போட்டோ அல்லவா எடுக்கிறோம்? மறுநாள் அவர் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடக்கும் பருவநிலை மாநாட்டுக்குப் பார்வையாளராகப் புறப்பட்டார். பணக்கார நாடுகளுக்கு விரித்துக் காட்டவென்று நோட்டும் பெட்டிக்குள் போயிற்று.

"வெள்ளிக்கெழம விசாரணைங்க சார். அதுக்குத்தாங்க அந்த நோட்டு" என்றார் திம்மப்பன்.

"ஒரு ஆபீசர் பாத்தா போதுமாண்ணே? ஒலகமே பாக்கட்டும்."

ஜெராக்ஸாவது எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். கன்றுக்குத் தண்ணீர் விட்ட கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது? திம்மப்பன் கும்பிட்டு வழிவிட்டார்.

அங்கே ரத்தினவேல், அறிவியலை உலகம் மதிக்கவில்லையே என்று கண்கலங்கினாராம். இங்கே அதிகாரி ஆதாரம் கேட்டார். பொன்னாடையையா காட்டுவது? திம்மப்பன் நினைவில் நின்ற நாலைந்து அளவுகளைச் சொன்னார். வாய்மொழி என்று எழுதிக்கொண்டார்கள். ஏரி போயிற்று.

சிரிக்கிறீர்களா? சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் கொடுத்த சீட்டைச் சாமி படத்தடியில் பத்திரப்படுத்திவிட்டு மைசூர்பாகு தின்கிறவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். யாரென்று தெரியாவிட்டால் கண்ணாடியைப் பாருங்கள்.

காய்ந்த தோப்பை விற்றுவிட்டுப் பர்கூருக்குக் கல் வேலைக்குப் போகுமுன், திம்மப்பன் நோட்டை வாங்கப் போனார். பட்டுத்துணியில் சுற்றி, இரு கையாலும் கொடுத்தார் ரத்தினவேல்.

"எழுதறத மட்டும் நிறுத்திறாதீங்கண்ணே. அடுத்த வருசம் மாநாடு போலந்துல."