வெள்ளவத்தை மேயரின் திறப்பு விழா

கொழும்புக்கு எத்தனையோ மேயர்கள் வந்து போயிருக்கிறார்கள். வெள்ளவத்தைக்கு ஒரே ஒரு மேயர்தான். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் யாராலும் இறக்கவும் முடியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஓய்வுபெற்ற கப்பல் கொம்பனி கிளாக்கர் அவர். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. மனைவி பரிமளம் அக்காவே வாசலில் நின்று, "மேயர் குளிக்கிறார், பிறகு வாங்கோ" என்றுதான் சொல்வார்.

காலையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு காலி வீதிக்கு வந்துவிடுவார். பஸ்ஸிலிருந்து பெட்டியோடு யார் இறங்கினாலும் வரவேற்பார். ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்து நான் இறங்கிய அன்று என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் இப்ப கொழும்புக்கு வரேல்லை. வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறீர். கொழும்பு எண்டுறது எங்களைச் சுத்தி இருக்கிற இடம்."

திருடன் என்று நினைத்து நான் பெட்டியை இழுத்தேன். அவர் விடவில்லை. வரலாறும் நிற்கவில்லை. முதலில் இங்கே மணலும் தென்னையும்தானாம். பிறகு நெசவாலை வந்ததாம், அதற்கு ஆட்கள் வந்தார்களாம். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர்கள். பிறகு கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள், அப்புறம் திரும்பி வந்தவர்கள். இடம் போதாமல் வீடுகள் வானத்தைப் பார்த்து வளர்ந்தன. அவர் தொடர்மாடிக் காலத்துக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு புடவைக்கடை வாசல்வரை இழுபட்டுப் போயிருந்தோம்.

"இது வந்தவையின்ர ஊர் தம்பி. நாங்கள் ஆரையும் வாசல்ல நிப்பாட்டினதில்லை" என்று முடித்துப் பெட்டியை விட்டார். நான் கடைக்குள் போய் விழுந்தேன்.

அதே கொழும்பிலுள்ள கொட்டாஞ்சேனையில் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் என்றால் மாற்றுச் சட்டையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொள்வார். அவருக்கு அது வெளியூர்ப் பயணம். ஒருமுறை மணமக்களை வாழ்த்த மேடைக்கு அழைத்தார்கள். "இந்தச் சின்னக் கிராமத்தில..." என்று தொடங்கினார். அன்றைக்கு அவருடைய பந்திக்கு மட்டும் பாயாசம் வரவேயில்லை.

அப்படிப்பட்டவருடைய ஒழுங்கைக்கு ஒருநாள் கேற் வந்தது.

ஒழுங்கையின் கடல் முனையில் புதிதாக எழும்பிய தொடர்மாடிக்காரர்கள், பொதுப் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேற் போட்டுப் பூட்டி, 'குடியிருப்பாளர்களுக்கு மட்டும்' என்று பலகையும் தொங்கவிட்டார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இனிக் காலி வீதிக்குப் போய், அடுத்த ஒழுங்கையால் சுற்றி வரவேண்டும். பரிமளம் அக்காவுக்கு முழங்கால் ஏலாது. பின்னேரங்களில் மெல்ல நடந்துபோய்க் கடலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய ஒரே உலாத்தல். அது நின்றுபோனது. அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மேயர்தான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

"முறைப்பாடு எழுதுவோமுங்க" என்றேன்.

"எழுதினால் பதில் வரும். கேற் திறக்காது."

முதலில் கேற்றடியில் நின்று காவலாளிக்குச் சிங்களத்தில் வரலாறு சொல்லத் தொடங்கினார். பாவம், மனிதர் கதிரையில் இருந்து காவல் காப்பவர்; எழும்பி ஓட முடியாது. நெசவாலைக் கட்டம் வருவதற்கு முன்பே காவலாளி கும்பிட்டார். "அனே மாத்தயா, நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன், நீங்கள் ஏறிக் குதிச்சுப் போங்கோ" என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

"என்ர ஊர்க் கடலுக்கு நான் களவாப் போறதோ?" என்று மேயர் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த நாள் தொடர்மாடி நிர்வாகத் தலைவரின் வீட்டு மணியை அடித்தார். நானும் கூடப் போனேன். தலைவர் பெரிய வியாபாரி. எல்லாம் இருந்தது, மேடை மட்டும் கிடைக்காத மனிதர்.

"எங்கட ஒழுங்கையில ஒரு விழா. நீங்கள்தான் பிரதம விருந்தினர்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன விழா?"

"திறப்பு விழா."

"எதைத் திறக்கிறது?"

"அதெல்லாம் நாங்கள் பாப்பம் ஐயா. நீங்கள் ரிப்பனை மட்டும் வெட்டுங்கோ. கோட் போட்டால் படத்துக்கு எடுப்பா இருக்கும்."

சனிக்கிழமை பின்னேரம் ஒழுங்கையே திரண்டது. நாதஸ்வரம், மேளம், வாடகை மைக். தையற்கடை நானா குடும்பத்தோடு வந்தார். சிங்கள ரீச்சர் சொந்தச் செலவில் மாலை வாங்கி வந்தார். தலைவர் கோட்டும் ரையுமாக, காலி வீதி முனையில் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். மாலை விழுந்தது. மேளம் முன்னே போக, நடுவில் அவர், பின்னால் நாங்கள். ஊர்வலம் ஒழுங்கையின் முனைக்கு வந்து நின்றது.

சிவப்பு ரிப்பன் அவருடைய கேற்றில்தான் கட்டியிருந்தது.

தலைவரின் முகம் மாலையிலிருந்த ரோசாவின் நிறத்துக்கு வந்தது. "இது... எங்கட கேற் அல்லோ?"

"ஓம் ஐயா. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது" என்று கத்தரிக்கோல் தட்டை நீட்டினார் மேயர். மறுகையில் மைக். "கடலை எங்களுக்குத் திருப்பித் தாற இந்தப் பெரிய மனசுக்கு எல்லாரும் ஒருக்கா கை தட்டுங்கோ!"

தட்டினோம். நிறுத்தவில்லை. தலைவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"வெட்டுங்கோவன் அப்பா, எல்லாரும் பாக்கினம்" என்றார் அந்த அம்மா.

வெட்டினார். யாரும் சொல்வதற்கு முன்பே காவலாளி பூட்டுத் திறப்போடு ஓடிவந்து, கேற்றின் இரண்டு கதவுகளையும் சுவரில் மோதத் தள்ளிவிட்டார். மேளக்காரர் வெளுத்து வாங்கினார். சனம் கடலைப் பார்த்து ஓடியது. அதற்குப் பிறகு அந்தக் கேற் பூட்டப்படவேயில்லை. தலைவர் இப்போதும் தன் விருந்தாளிகளிடம், "இது நான் திறந்துவைச்ச பாதை" என்று காட்டுகிறார். மேயர் மறுப்பதில்லை, பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார்.

அன்று எல்லோரும் போன பிறகு மேயர் மைக்கைக் கீழே வைத்தார். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த பரிமளம் அக்காவிடம் போய்க் கையை நீட்டினார்.

"வாருமப்பா."

கேற்றுக்கு அப்பால் கரையோர வீதியைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து, இரண்டு பேரும் மெதுவாகப் போனார்கள். வரலாறு ஒன்றும் வரவில்லை.

"கால் நோகுதோ?"

"இல்லை."

அக்கா சொன்னது பொய் என்று நடையிலேயே தெரிந்தது. அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். வெள்ளவத்தையில் எனக்குக் கிடைத்த உத்தியோகங்களில் அதைவிடப் பெரியது இன்றுவரை எதுவும் இல்லை.